அடிபட்டவர் எப்போது வெளியேற வேண்டும், எப்போது மைதானத்துக்குள்ளேயே இருக்கலாம்?

கால்பந்து விதிப்புத்தகத்தின் ஐந்தாம் விதி ரெஃப்ரியைப் பற்றியது. அதில் காயங்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அடிபட்டவருக்கு மைதானத்துக்குள் வைத்துச் சிகிச்சை தரக் கூடாது, ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகுதான் அவர் உள்ளே வரலாம் என்று அது கறாராகச் சொல்கிறது. டிவியில் நாம் பார்ப்பதோ வேறு. அணியின் பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) பையோடு ஓடி வருகிறார், முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறார், ஸ்பிரே அடிக்கிறார். சில நேரம் அந்த வீரர் எழுந்து அங்கேயே ஆட்டத்தைத் தொடர்கிறார். சில நேரம் கோட்டுக்கு வெளியே நின்று ரெஃப்ரியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். ரெஃப்ரி ஆளுக்கு ஒரு நியாயம் பேசுகிறார் என்று கேலரியில் சத்தம் எழுவது இதனால்தான். பெரும்பாலும் அவர் செய்வது சரியாகத்தான் இருக்கும். விதிக்குள் ஆறு விலக்குகள் இருக்கின்றன. அவற்றில் எது பொருந்துகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

முதலில் விதியின் நோக்கம். காயம் என்று சொல்லி விழுந்து கிடந்து நேரத்தைத் தின்பதைத் தடுக்கத்தான் வெளியேற்றம் வந்தது. பிசியோ உள்ளே வந்தால் கொஞ்ச நேரம் பத்துப் பேரோடு ஆட வேண்டும் என்ற பயம் இருந்தால், வலிக்காதவர் விழமாட்டார். ஆனால் உண்மையிலேயே உதை வாங்கியவருக்கும் இதே தண்டனை விழுகிறது. உதைத்த அணி பதினொரு பேரோடு நிற்க, உதை வாங்கிய அணி பத்துப் பேராகிவிடும். இந்த இரண்டு அநியாயங்களுக்கும் நடுவில் கோடு போடும் வேலையைத்தான் விதி எழுதும் அமைப்பான ஐஎஃப்ஏபி இத்தனை வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த அநியாயம் பளிச்சென்று தெரிந்த ஆட்டம் 2015 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நடந்த செல்சி – ஸ்வான்சி ஆட்டம். ஸ்கோர் 2-2. கோல்கீப்பர் கோர்த்துவா சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டதால் செல்சியில் பத்துப் பேர். இஞ்சுரி டைமில், அதாவது வீணான நேரத்துக்காகக் கடைசியில் சேர்க்கும் நிமிடங்களில், செல்சியின் ஈடன் ஹசார்ட் ஃபவுல் வாங்கி விழுந்தார். ரெஃப்ரி மைக்கேல் ஆலிவர் கூப்பிட்டதும் டாக்டர் எவா கார்னேரோவும் பிசியோ ஜான் ஃபெர்னும் உள்ளே ஓடினார்கள். விதிப்படி ஹசார்ட் வெளியேற வேண்டியதாயிற்று. செல்சி ஒன்பது பேரானது. பயிற்சியாளர் மொரினியோ இருவரையும் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். ரெஃப்ரி கூப்பிட்ட பிறகு உள்ளே போகாமல் நிற்பது ஒரு டாக்டருக்கு முடியாத காரியம். எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கணக்குப் போடுவது அவர் வேலையும் இல்லை. இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

அடுத்த சீசனிலேயே, அதாவது 2016/17 விதிப்புத்தகத்தில், ஒரு விலக்கு சேர்ந்தது. எதிரணி வீரர் உடல்ரீதியான ஃபவுல் செய்து, அந்த ஃபவுலுக்காக மஞ்சள் அல்லது சிவப்பு அட்டை வாங்கினால், அடிபட்டவரை விரைவாகப் பரிசோதித்து உள்ளேயே விட்டுவிடலாம். விரைவு என்றால் எவ்வளவு? எல்லோரும் ஆட்டத்தைத் தொடரத் தயாராக இருக்கும் கட்டத்திலிருந்து ஏறக்குறைய 20 முதல் 25 விநாடி என்று ஐஎஃப்ஏபியின் வழிகாட்டுதல் சொல்கிறது. வீரர் விழுந்த நொடியிலிருந்து எண்ணுவது தவறு. அட்டை காட்டியாயிற்று, ஃப்ரீ கிக்கைத் தடுக்க வீரர்கள் சுவராக நின்றாயிற்று, பந்து வைத்தாயிற்று, இனி இவருக்காகத்தான் காத்திருக்கிறோம் என்ற நிலை வந்ததும் எண்ணிக்கை தொடங்குகிறது. அதற்குள் முடியவில்லை என்றால் பிசியோவோடு சேர்ந்து வீரரும் வெளியே போக வேண்டும்.

இங்கே ரெஃப்ரிகள் சறுக்கும் இடம் வரிசை. பிசியோவை உள்ளே விட்டுவிட்டு, அதன்பிறகு அட்டை காட்டலாமா என்று யோசித்தால் மொத்தமும் குழம்பும். அட்டை உண்டா இல்லையா என்பதே அந்த வீரர் இருப்பாரா போவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் ஃபவுலைப் பார்த்ததும் அட்டை முடிவை மனதில் எடுத்துவிட வேண்டும். பிறகு வீரரிடம் குனிந்து, "பிசியோ வேணுமா? வந்தா சீக்கிரம் முடிக்கணும்" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் பிசியோவுக்கு மட்டும் சைகை, ஸ்ட்ரெச்சருக்கு இல்லை. அட்டை இல்லாத சாதாரண ஃபவுல் என்றால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது: "வந்தா நீ வெளியே போகணும்." இதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிடுகிறவர்கள் நிறைய. பிசியோ கோட்டைத் தாண்டும் முன்னே எழுந்து நடந்துவிட்டால் வெளியேறத் தேவையில்லை. பெஞ்சிலிருந்து கேட்காமலேயே ஓடி வருகிற பிசியோ தன் வீரரையே வெளியே அனுப்புகிறார். ரெஃப்ரியின் சைகைக்கு முன் கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஒவ்வொரு அணியும் தன் ஆட்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

மற்ற விலக்குகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கோல்கீப்பர் அடிபட்டால் வெளியேறத் தேவையில்லை. அவர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்குவதில் அர்த்தமில்லை. கோல்கீப்பரும் இன்னொரு வீரரும் மோதிக்கொண்டால் இருவருமே இருக்கலாம். ஒரே அணியைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டாலும் அப்படியே. இல்லாவிட்டால் அந்த அணி ஒரே நேரத்தில் இரண்டு பேரை இழக்கும். கடுமையான காயம் என்றால் அங்கேயே பார்க்கலாம். ஆறாவது 2019/20இல் வந்தது: பெனால்டி கொடுக்கப்பட்டு, அடிபட்டவரே அதை உதைக்கப் போகிறவர் என்றால் அவர் உள்ளேயே சிகிச்சை எடுத்துக்கொண்டு உதைக்கலாம். பெனால்டி வாங்கித் தந்தவரே அணியின் முதல் உதைப்பாளராகவும் இருப்பது வழக்கம். அவரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு வேறொருவரை உதைக்கச் சொன்னால், ஃபவுல் செய்த அணிக்குத்தான் லாபம்.

கோல்கீப்பருக்கான விலக்கு இப்போது தவறாகப் பயன்படுகிறது. எதிரணி அலை அலையாக வரும்போது கோல்கீப்பர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். பிசியோ அவரிடம் போக, மற்ற பத்துப் பேரும் பெஞ்ச் பக்கம் ஓடித் தண்ணீர் குடித்துக்கொண்டே பயிற்சியாளரிடம் புதிய திட்டம் கேட்பார்கள். இது கால்பந்தில் இல்லாத டைம்-அவுட்டைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருவது. 2025/26 விதிப்படி ரெஃப்ரியால் செய்ய முடிந்தது, போன நேரம் முழுவதையும் இஞ்சுரி டைமில் சேர்ப்பதுதான். அதைத் தயங்காமல் சேர்க்க வேண்டும்.

ஒருமுறை டாக்டரையோ ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களையோ ரெஃப்ரி உள்ளே அழைத்துவிட்டால், விலக்கு எதுவும் பொருந்தாத வீரர் ஸ்ட்ரெச்சரிலோ நடந்தோ போயே ஆக வேண்டும். மறுத்தால் மஞ்சள் அட்டை. அடிபட்டவருக்கே அட்டை காட்ட வேண்டியிருந்தால் அவர் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே காட்ட வேண்டும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாலும் சரி.

திரும்பி வருவதில்தான் உள்ளூர் ஆட்டங்களில் அதிகத் தகராறு. ஆட்டம் மறுபடி தொடங்கியிருக்க வேண்டும், ரெஃப்ரி சைகை காட்டியிருக்க வேண்டும்; இரண்டும் நடந்தால்தான் வரலாம். பந்து ஆட்டத்தில் இருந்தால் பக்கக் கோட்டின் வழியாக மட்டுமே. பந்து வெளியே போயிருந்தால் எந்தக் கோட்டின் வழியாகவும். கோல் கம்பத்துக்குப் பின்னால் சிகிச்சை எடுத்துக்கொண்டவர், ஆட்டம் நடக்கும்போது உள்ளே வர நினைத்தால் பக்கக் கோடு வரை சுற்றிப் போக வேண்டும். பிசியோக்கள் இதை மறந்து கோல் கோட்டுக்குப் பின்னாலேயே கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வீரர் தயாராக இருக்கிறாரா என்று நான்காவது நடுவரோ லைன்ஸ்மேனோ பார்த்துச் சொல்லலாம். உள்ளே விடும் அதிகாரம் ரெஃப்ரிக்கு மட்டும்தான்.

அனுமதி இல்லாமல் வந்தால் மஞ்சள் அட்டை. வந்தவர் ஆட்டத்தில் குறுக்கிட்டு, அதனால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினால், குறுக்கிட்ட இடத்திலிருந்து எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக் (நேராகக் கோலுக்கே அடிக்கலாம்). குறுக்கிடவில்லை என்றால் பந்து இருந்த இடத்திலிருந்து மறைமுக ஃப்ரீ கிக் (இன்னொருவர் தொட்ட பிறகே கோல் செல்லும்). ரெஃப்ரி கவனிக்கும் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்க்காமல், "கை காட்டினார் என்று நினைத்தேன்" என்று ஓடி வருகிறவர்களுக்கு இது நடக்கிறது. அதனால் சைகையை இரண்டு கையாலும் பெரிதாகக் காட்டுவது ரெஃப்ரிக்கும் நல்லது.

காயத்துக்காக மட்டும் ஆட்டத்தை நிறுத்தியிருந்தால், மறுதொடக்கம் டிராப் பால், அதாவது ரெஃப்ரி பந்தை ஒரு வீரர் முன் கீழே விடுவது. பந்து பெனால்டி பகுதிக்குள் இருந்தபோது நிறுத்தினால், தடுக்கும் அணியின் கோல்கீப்பருக்கு. மற்ற இடங்களில், 2025/26 முதல், பந்து யார் வசம் இருந்தது அல்லது யாரிடம் போயிருக்கும் என்பது ரெஃப்ரிக்குத் தெளிவாகத் தெரிந்தால் அந்த அணிக்கு. தெரியாவிட்டால் கடைசியாகத் தொட்ட அணிக்கு. மற்ற எல்லோரும் 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இது வந்ததிலிருந்து, காயத்துக்காக நிறுத்தினால் பந்தைப் பறிகொடுப்போம் என்ற பயம் பெருமளவு போய்விட்டது.

இருந்தும் பந்தை வேண்டுமென்றே வெளியே உதைக்கும் பழக்கம் போகவில்லை. அது விதியில் இல்லாத மரியாதை. இலேசான காயமென்றால் ஆட்டம் தொடர வேண்டும், கடுமையானால் ரெஃப்ரி நிறுத்த வேண்டும் என்பதுதான் விதி. 2019 ஏப்ரல் 28 அன்று லீட்ஸ் – ஆஸ்டன் வில்லா ஆட்டத்தில், வில்லாவின் கொட்ஜியா விழுந்து கிடக்க, லீட்ஸின் கிளிக் கோல் அடித்துவிட்டார். கைகலப்பு மூண்டது. கடைசியில் லீட்ஸ் பயிற்சியாளர் பியெல்சா, பதிலுக்கு ஒரு கோல் போட விடுங்கள் என்று தன் வீரர்களுக்கு உத்தரவிட்டார். வில்லாவின் அடோமா நடந்து போய்ப் போட்டார். பெருந்தன்மைதான். ஆனால் யார் எப்போது நிற்பது என்ற முடிவை வீரர்களிடம் விட்டால் எவ்வளவு சிக்கல் என்பதற்கும் அதுவே சாட்சி. விசில் கேட்கும்வரை ஆடுங்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பதில் தப்பே இல்லை.

அடிபட்டு எல்லைக்கு வெளியே கிடப்பவர் ஆஃப்சைடு (எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டிக் கோல் பக்கம் நின்று பந்து வாங்கும் தவறு) கணக்கில் வருவாரா என்பதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. 2008 ஜூன் 9, பெர்ன் நகரில் நெதர்லாந்து – இத்தாலி ஆட்டம். இத்தாலியின் பனூச்சி தன் கோல்கீப்பர் பஃபோனோடு மோதி, கோல் கோட்டுக்கு வெளியே விழுந்து கிடந்தார். அந்த நேரம் நெதர்லாந்தின் வான் நிஸ்டல்ரூய் கோல் போட்டார். ஆஃப்சைடு என்று உலகமே கத்தியது. ரெஃப்ரி கோல் கொடுத்தார், அது சரியான முடிவு. ரெஃப்ரியின் அனுமதி இல்லாமல் வெளியே போன தடுப்பு வீரர், ஆட்டம் அடுத்து நிற்கும் வரையோ, அவர் அணி பந்தைப் பெனால்டி பகுதிக்கு வெளியே நடுக்கோட்டுப் பக்கம் ஆடி அனுப்பும் வரையோ, கோல் கோட்டின் மேல் நிற்பதாகவே கொள்ளப்படுவார். ரெஃப்ரி சிகிச்சைக்கென்று அனுப்பியவருக்கு இது பொருந்தாது.

ரத்தம் தனி விஷயம். ரத்தம் வந்தால் காயம் சின்னதோ பெரிதோ வெளியே போக வேண்டும். ரத்தம் நின்றிருக்க வேண்டும், சட்டையிலோ நிக்கரிலோ ஷின் கார்டிலோ கறை இருக்கக் கூடாது, இரண்டிலும் ரெஃப்ரி திருப்தியடைந்து சைகை காட்ட வேண்டும். 1989 செப்டம்பர் 6 அன்று ஸ்டாக்ஹோமில் இங்கிலாந்தின் டெரி புட்சர், தலைக்கட்டு நனைந்து வெள்ளைச் சட்டை சிவப்பாகும்வரை ஆடினார். அந்தப் படத்தை வீரத்துக்கு அடையாளமாக இன்றும் காட்டுகிறார்கள். இன்றைக்கு எந்த ரெஃப்ரியும் அதை அனுமதிக்க முடியாது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிப்பது தவறு. ரத்தம் தொண்டைக்குள் போய்க் குமட்டும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் "நின்னுச்சா" என்று எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. நெற்றியோ தலையோ கிழிந்தால் காஸ் துணியை வைத்து நேராக அழுத்தி, மேலே ஒட்டும் பேண்டேஜைச் சுற்ற வேண்டும். பையில் ஒரு மாற்றுச் சட்டையும் மாற்று நிக்கரும் எப்போதும் இருக்கட்டும். ரத்தம் நின்ற பிறகும் சட்டை இல்லாமல் ஐந்து நிமிடம் வெளியே நிற்கும் வீரர்கள் உண்டு.

உள்ளே போன பிசியோ அந்த 20 விநாடியில் என்ன செய்ய முடியும்? வலியைப் போக்க முடியாது; தொடரலாமா கூடாதா என்று தீர்மானிக்க முடியும். ஓடி வரும்போதே பார்க்கத் தொடங்க வேண்டும்: அசைகிறாரா, எந்த இடத்தைப் பிடித்திருக்கிறார், கால் இயல்பான கோணத்தில் இருக்கிறதா. பக்கத்தில் போனதும் எப்படி அடிபட்டது, ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்க வேண்டும். முழங்காலில் "டப்" என்று சத்தம் கேட்டது என்று சொன்னால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. பிறகு தொட்டு, எலும்பின் மேலே அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்ப்பது. அவராகவே மடக்கி நீட்டச் சொல்வது. அப்புறம் நம் கையால் மெதுவாக அசைப்பது. பிறகு எழுந்து நிற்கச் சொல்வது. ஏதாவது ஒரு படியில் தடுமாறினால் அத்தோடு நிறுத்திவிட்டு வெளியே. இந்த வரிசையை விட்டுவிட்டு முதலில் தூக்கி நிறுத்திப் பார்ப்பதுதான் கிராமத்து ஆட்டங்களில் வழக்கம். விரிசல் விட்ட எலும்பை முழு முறிவாக்குவது அதுதான். குளிர் ஸ்பிரே தோலை மரக்கச் செய்யும், அவ்வளவுதான். உள்ளே கிழிந்ததைச் சரிசெய்யாது.

தலைக் காயத்துக்கு அவசரமே கூடாது. 2014 ஜூலை 13, மரக்கானா, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 17ஆம் நிமிடத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிரணி வீரரின் தோளில் மோதி விழுந்தார். எழுந்து தொடர்ந்து ஆடினார். பிறகு ரெஃப்ரி ரிசோலியிடம் போய், இது இறுதி ஆட்டம்தானா என்று கேட்டார். ரெஃப்ரி சக வீரர்களிடம் சொன்ன பிறகு, 31ஆம் நிமிடத்தில்தான் அவரை மாற்றினார்கள். அதே ஆண்டு, தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் பரிசோதிக்க மூன்று நிமிடம்வரை ஆட்டத்தை நிறுத்தலாம் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு முறை கொண்டுவந்தது. மூளை அதிர்வுக்கென்று கூடுதல் சப்ஸ்டிட்யூட் 2021இல் சோதனையாகத் தொடங்கி, 2024 ஜூலை 1 முதல் விதியிலேயே இடம்பெற்றது. போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு அணி மாற்றினால் எதிரணிக்கும் ஒரு கூடுதல் மாற்று கிடைக்கும். மாற்றப்பட்டவர் அன்று திரும்பி வர முடியாது.

பரிசோதிக்கும்போது "உன் பேரென்ன" என்று கேட்பதில் பயனில்லை. மூளை அதிர்வு ஏற்பட்டவரும் அதைச் சொல்லிவிடுவார். நாம் இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது முதல் பாதியா இரண்டாவதா, கடைசியாகக் கோல் அடித்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா என்று கேளுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் வெளியே எடுத்துவிடுங்கள். மயக்கம் போடவில்லை என்பது ஆறுதல் இல்லை. மூளை அதிர்வு ஏற்பட்ட பலர் நினைவு தப்புவதே இல்லை. அறிகுறிகள் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வரலாம். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, நடை தள்ளாடினால் நடையைத்தான் நம்ப வேண்டும்.

கடைசியாக, யாரும் மோதாமல் வீரர் தானாகவே சரிந்து விழுவது. ஐந்தாம் விதியின் மற்ற எல்லாக் கணக்கும் இங்கே ரத்து. வேறு காரணம் என்று உறுதியாகும்வரை இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 2003 ஜூன் 26 அன்று லியோனில் கேமரூனின் மார்க்-விவியன் ஃபோ 72ஆம் நிமிடத்தில் நடுவட்டத்தில் அப்படித்தான் விழுந்தார், காப்பாற்ற முடியவில்லை. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கின் எரிக்சன் விழுந்தபோது, ரெஃப்ரி ஆண்டனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை உள்ளே அழைத்தார். கேப்டன் கியேர் முதலில் ஓடி வந்து பார்த்தார். மற்ற வீரர்கள் வெளிப்புறம் பார்த்து வட்டமாக நின்று மறைத்தார்கள். மார்பு அழுத்தமும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரும் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தன.

இதயம் நின்றவருக்குச் சில நொடி கை கால் வெட்டி இழுக்கும், வாய் அவ்வப்போது காற்றுக்கு ஏங்கும். நம் ஊரில் இதை வலிப்பு என்று நினைத்து, ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். இன்னொருவர், நாக்கை விழுங்கிவிட்டார் என்று வாய்க்குள் விரலை விடுவார். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. பழைய விதிப்புத்தகங்களே கடுமையான காயத்துக்கு உதாரணமாக அதை எழுதியிருந்ததால் இந்த நம்பிக்கை வீரர்களிடம் இன்னும் இருக்கிறது. பல்லைப் பிரிக்கப் போராடும் அந்த ஒரு நிமிடம்தான் உயிரைக் கொண்டுபோகிறது: மின் அதிர்ச்சி சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. செய்ய வேண்டியது இதுதான்: தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதிலில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். பயிற்சி பெற்றவர் என்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்; களைத்த கை ஆழமாக அழுத்தாது. ஏஇடி (தானியங்கி டிஃபிப்ரிலேட்டர்) வந்ததும் ஈரமான மார்பைத் துடைத்துவிட்டு அதன் பட்டைகளை ஒட்டுங்கள்; மற்றதை அந்தக் கருவியே சொல்லும்.

நேரம் பற்றிச் சில போட்டிகள் தங்கள் விதியைச் சேர்த்திருக்கின்றன. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2023/24 முதல், சிகிச்சை பெற்ற வீரர் ஆட்டம் தொடங்கியபின் 30 விநாடி வெளியே நிற்க வேண்டும் என்றது. அமெரிக்காவின் எம்எல்எஸ் லீக் 2024இல் இன்னும் கடுமையாக, 15 விநாடிக்கு மேல் தரையில் கிடந்து மருத்துவர் உள்ளே வந்தால் 2 நிமிடம் வெளியே என்றது. தலைக் காயம், கோல்கீப்பர், அட்டை பெற்ற ஃபவுல் ஆகியவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நீங்கள் விசில் ஊதும் போட்டியின் விதிமுறையை ஆட்டத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரி இரண்டு அணிகளின் பிசியோவையும் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது: பிசியோவுக்கான சைகை எது, ஸ்ட்ரெச்சருக்கு எது, ஆம்புலன்ஸ் எந்தக் கேட் வழியாக உள்ளே வரும், அந்தக் கேட் இப்போது திறந்திருக்கிறதா, ஏஇடி இருந்தால் எங்கே இருக்கிறது, ஆம்புலன்ஸ் இல்லையென்றால் 108க்குப் போன் போடப் போவது யார். ஆம்புலன்ஸ் கேட்டை மறித்து பைக் நிறுத்தியிருந்தால், கிக்-ஆஃப் கொடுப்பதற்கு முன் எடுக்கச் சொல்லுங்கள்.